வளர்ப்பு நாய்க்கு இடும் சிறப்புப்பெயர்

பெயர் என்பது ஒரு பொருளை ஏனைய பொருள்களினின்றும் பிரித்துணர்த்தும் கருவியாகும். மக்கட்பெயர், ஊர்ப்பெயர், இறைவன் திருப்பெயர் ஆகியவற்றைப் பற்றித் தமிழறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மனையில் மக்களோடு உடன்வாழும் விலங்கிற்கு இடும் பெயரோ அத்துணை ஆராயப்பெறவில்லை. இஃது ஆராய்ச்சிக்குரிய பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். உரியதே என்பது நம் கருத்து. அதற்குக் காரணங்கள் இரண்டு. விலங்கிற்கு இயற்பெயர் இடுதலையும் அப்பெயர் கொள்ளும் முடிபினையும் நம் பழைய இலக்கணமே எடுத்துப் பேசுகின்றது என்பது ஒன்று. நாய்க்கு என்ன பெயர் இடுகின்றோம் என்பது நாம் நாயை மதிக்குமாற்றை மட்டுமன்றி, உடன்வாழும் மக்களை மதிக்குமாற்றையும் புலப்படுத்தும் என்பது மற்றொன்று. எனவே, நாய்க்குரிய சிறப்புப்பெயர் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதனை இலக்கணம், கல்வெட்டு, வழக்கு ஆகியவற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்

நாயினத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல உள. நாய் என்பதேயன்றி, ஞமலி, ஞாளி, சுணங்கன் முதலிய சொற்களும் பண்டு வழங்கின. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயராகக் குருளை என்பதனைக் கூறிக் குட்டி, பறழ் என்பனவற்றையும் விலக்காது கொள்கின்றது. பெண்பாற்குப் பிணவு என்பதனை உரிமையாக்குகின்றது. ஆண்பாற்கு ஏற்றை என்னும் சொல் வருதலைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முன்றிலில் பொதிமூட்டைக் குவியலின்மேல் ஏறி, ஆண்நாயும் ஆட்டுக்கிடாயும் துள்ளி விளையாடும் காட்சியை அந்நூல் தீட்டுகின்றது. இத்துணைச் சொல்வளம் இருந்தும், இவை யாவும் இனத்தையும் பாலையும் பருவத்தையும் உணர்த்தும் பொதுப்பெயர்களேயன்றித் தனியொரு நாயை உணர்த்தும் சிறப்புப்பெயர்கள் அல்ல.

இனி, இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்பன தமிழகத்து நாய்வகைகளின் பெயர்கள். அவற்றுள் முன்னைய மூன்றும் ஊர்ப்பெயரால் அமைந்தன. இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டில் நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராசபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. இவையும் இனப்பெயர்களே. ஒரே தெருவில் சிப்பிப்பாறை நாய்கள் மூன்று இருப்பின், ‘சிப்பிப்பாறை’ என்றழைத்தல் பயன்படாது.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாக்கி, அவற்றைப் பொது, சிறப்பு என மேலும் பகுத்துக் காட்டினார். இப்பகுப்பு நம் ஆய்விற்குப் பெரிதும் துணைசெய்கின்றது. ஊர்ப்புறங்களில் நாய்க்கு மிகுதியாக வழங்கும் கறுப்பு, வெள்ளை, செவலை என்பன நிறம்பற்றி வந்த காரணப்பெயர்கள். இடுவோர் அவற்றைச் சிறப்புப்பெயராகக் கருதியே இடுகின்றனர். ஆயின், கரிய நாய் அனைத்திற்கும் அக்காரணம் பொருந்துதலின், வழக்கில் அவை காரணப் பொதுப்பெயராய் நின்றுவிடுகின்றன. காரணம் உண்மை மட்டும் ஒரு பெயரைச் சிறப்புப்பெயர் ஆக்காது. அக்காரணம் பிறிதொன்றன்பால் இல்லாமையும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

2. பழஞ்சான்றுகள்

தமிழகத்தில் நாய்க்குச் சிறப்புப்பெயர் இட்டு வழங்கியமைக்கு ஐயத்திற்கிடமில்லாச் சான்றாக விளங்குவது எடுத்தனூர் நடுகல். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இந்நடுகல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது, எனவே, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பெற்றது அக்கல். வீரனின் உருவத்தோடு அவனது நாயின் உருவமும் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்றும் தனித்தொடர் ஒன்று கூறுகின்றது.

இக்கல்வெட்டில் நாம் உளங்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, நாயின் செயலைக் கூறுவதோடமையாது அதன் பெயரையும் கல்லிற் பொறித்தமை. உயிர்நீத்தோர் பெயரும் பீடும் எழுதுதல் நடுகல் மரபாகலின், அம்மரபில் நாயும் பங்குபெற்றது என்க. இரண்டாவது, அப்பெயர் அன் ஈறு பெற்று ஆண்பாற் பெயர்போல் அமைந்தமை. மூன்றாவது, பெயரினைக் கூறி, ‘என்னும்’ என்ற சொல்லால் நாய் என்னும் பொதுப்பெயரோடு அதனை இயைத்தமை. இவ்வியைபு இல்லையாயின் படிப்போர் அதனை மற்றொரு வீரனின் பெயராகவே கொள்வர். பெயர் உயர்திணை வடிவினதாய் இருந்தமையால் பொதுப்பெயர் அதனை வரையறுக்க வேண்டியதாயிற்று.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டும் இதனோடு ஒப்பிடத்தக்கது. கி.பி. 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் பக்கம் நின்று போரிட்ட மணலேரன் என்னும் வீரன், தன் ஆற்றலுக்குப் பரிசாக மன்னனிடம் வேண்டிப் பெற்றது காளி என்னும் வேட்டைநாய். அது பன்றியொன்றோடு பொருது, அதனைக் கொன்று தானும் மாய்ந்தது. அதன் நினைவாகக் கல் நாட்டப்பெற்றது. நாட்டின் போர்வரலாறும் நாயின் பெயரும் ஒரே கல்லில் அமைந்தமை வியத்தற்குரியது.

பிறநாட்டுச் சான்றுகளும் உள. எகிப்தியப் பதினோராம் மரபினனான இரண்டாம் இன்தெஃபு என்னும் வேந்தனின் நினைவுக்கல்லில் அவன் நாய்கள் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்கள் எகிப்திய மொழியின அல்ல. லிபிய நாட்டு மொழியின. ஆதலின், அவற்றுட் சிலவற்றிற்கு எகிப்திய மொழியில் பொருளும் எழுதப்பட்டது. வேற்றுமொழிப் பெயரை நாய்க்கு இடும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பது இதனால் தெளியலாம். வடமொழி மரபில் இயமனின் நாய்கள் சியாமம், சபலம் எனப் பெயர் பெற்றன. கருமையும் புள்ளியும் பற்றியன அவை. நிறத்தாற் பெயரிடுதலின் பழமைக்கு இது சான்று.

கிரேக்க அறிஞர் செனபோன் வேட்டை பற்றி இயற்றிய நூலில், நாயின் பெயர் விரைந்து அழைத்தற்கேற்பக் குறுகியதாய் இருத்தல் வேண்டும் எனக் கூறி, 40க்கும் மேற்பட்ட பெயர்களை அடுக்கிச் செல்கின்றார். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியராகிய கொலுமெல்லா, பெயர் மிக நீளுதலும் ஆகாது, இரண்டு அசையிற் குறைதலும் ஆகாது என வரையறை செய்தார். பெண்நாய்க்குரிய பெயர்களாக அவர் காட்டுவனவற்றுள் புலியைக் குறிக்கும் ‘திகிரிசு’ என்பதும் ஒன்று. நம் தெருக்களில் இன்று வழங்கும் ‘டைகர்’ என்னும் பெயர்க்கு 1900 ஆண்டுகட்கு முன்னரே ஒரு முன்னோன் இருந்தமை அறிந்து மகிழற்பாலது.

3. விரவுப்பெயர் வழக்கு

இருதிணைக்கும் பொதுவாய் வரும் பெயரை விரவுப்பெயர் என்பது தொல்காப்பிய மரபு. இயற்பெயர், சினைப்பெயர், முறைப்பெயர் முதலியன அதன் வகைகள். சாத்தன் என்னும் இயற்பெயர் மகனுக்கும் வரும், எருதுக்கும் வரும். ஆதலின், ‘வந்தான்’ என்றும் ‘வந்தது’ என்றும் இருவகை முடிபும் அது கொள்ளும் என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். சாத்தி என்னும் பெண்பாற் பெயர்க்கும் அஃதொக்கும். விலங்கிற்கு மக்கட்பெயர் இடும் வழக்கம் பரவலாக இல்லையாயின், இலக்கணம் அதற்கென ஒரு பெயர்வகை வகுத்து விதி கூற வேண்டுவதில்லை.

சங்க இலக்கியத்திலும் இதற்கோர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. சிறுபாணாற்றுப்படை, காரி என்னும் வள்ளலின் குதிரையையும் காரி என்கின்றது. ஓரியின் குதிரையையும் ஓரி என்கின்றது. ஆண்டானும் அவன் ஊர்தியும் ஒரே சொல்லாற் சுட்டப்படுதலை அங்குக் காண்கின்றோம். அச்சொல்லால் அழைக்கப்பட்ட குதிரை தாழவில்லை, வள்ளலும் தாழவில்லை. போர்க்களத்தில் இருவரும் ஒருயிர்போல் இயங்கினமையே அவ்வொற்றுமைக்கு இடமாயிற்று எனக் கருதலாம்.

இக்கால வழக்கிற்கு வருவோம். நாய் வளர்ப்போர், ‘மணி சாப்பிட்டான்’, ‘மணி கோபமாக இருக்கிறான்’ என உயர்திணை முடிபு கொடுத்தே பேசுகின்றனர். விருந்தினரோ, ‘மணி சாப்பிட்டதா?’ என அஃறிணையில் வினவுவர். இருவர் கூற்றும் விரவுப்பெயர் இலக்கணத்திற்கு உட்பட்டனவே. நாய் என்பது தெரிந்தும் வளர்ப்போர் உயர்திணையாற் கூறுதல் உவப்பினால் வந்த திணைவழுவமைதியாகும். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்தும் திணையும் பாலும் மயங்குதற்குக் காரணம் என்பர் நன்னூலார். ஒரே விதியில் உவப்பும் இழிப்பும் உடன் வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. அதன் விளைவினைப் பின்னர் ஆராய்வோம்.

4. விளியும் ஓசையும்

மக்கட்பெயர் எழுவாயாகவும் ஏனை வேற்றுமை ஏற்றும் பலவாறு பயிலும். நாயின் பெயரோ பெரும்பாலும் விளியாகவே பயில்வது. நாய் தன் பெயரை அறிவதும் விளியின் வாயிலாகத்தான். ஆதலின், நாய்க்கு இடும் பெயரை விளியேற்கும் திறம்பற்றியே முதலில் மதிப்பிடுதல் வேண்டும்.

தொல்காப்பிய விளிமரபு இகர ஈறு ஈகாரமாகவும், சேய்மையில் னகர ஈறு கெட்டு அகரம் ஆகாரமாகவும் விளியேற்றலைக் கூறுகின்றது. சேய்மையில் நிற்போரை அழைக்குங்கால் ஓசை தன் இயல்பான மாத்திரையின் மிக்கு நீளுதலையும் உடன்படுகின்றது. வயல்வரப்பில் நிற்பவர் நெடுந்தொலைவில் ஓடும் நாயை அழைக்கும் நிலை இதுவே. மணி என்பது ‘மணீஇ’ என நீளும். வீரன் என்பது ‘வீராஅ’ என நீளும். கோவிவன் என்பதும் ‘கோவிவாஅ’ என நீண்டிருத்தல் வேண்டும். குற்றியலுகர ஈற்றுப் பெயர்கள் அவ்வாறு நீளுதற்கு எளியன அல்ல. கறுப்பு என்று பெயரிட்டோர் அழைக்கும்போது ‘கறுப்பா’ என்றும் ‘கறுப்பி’ என்றும் மாற்றிக்கொள்ளுதல் இதனாலேயே ஆகும். வாய் தானே திருத்திக்கொள்ளும் பெயரை முதலிலேயே திருத்தமாக இடுதல் நன்று.

அஃறிணைப் பெயர்கள் விளிக்கும் காலம் தோன்றின் ஏகாரம் பெறும் என்பதும் அம்மரபு. அதன்படி நாய் என்பதன் விளி ‘நாயே’ என்பதாம். ஆயின், பெயரிட்டு வளர்த்த நாயை எவரும் ‘நாயே’ என அழைப்பதில்லை. அவ்விளி இன்று சினத்தால் மக்கள்மேற் செல்லும் வசையாகவே எஞ்சியுள்ளது. சிறப்புப்பெயர் பெற்ற அளவில் நாய் அவ்வசையினின்றும் நீங்கிவிடுகின்றது என்னும் உண்மை சிந்திக்கத்தக்கது.

பெயர்க்கும் ஏவலுக்கும் உள்ள உறவும் கருதுதற்குரியது. நாய் பெயரை வேறாகவும் வினையை வேறாகவும் பகுத்துணரவல்லது என்பதற்கு இக்கால ஆய்வு சான்று தருகின்றது. அமெரிக்க நாட்டில் சேசர் என்னும் பெண்நாய் 1022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்றமை 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் விளக்கப்பட்டது. பொருட்பெயரோடு வெவ்வேறு ஏவல்களை மாற்றிமாற்றி இணைத்துக் கூறியபோதும், எப்பொருளை என்ன செய்தல் வேண்டும் என அஃது உணர்ந்து செயற்பட்டது. இத்திறம் உடைய விலங்கிற்குப் பெயரும் ஏவலும் ஒலியால் மயங்குமாறு வைத்தல் முறையன்று.

தமிழில் நாய்க்கு வழங்கும் ஏவல்கள் பெரும்பாலும் ஓரசைச் சொற்களாகவோ ஈரசைச் சொற்களாகவோ உள்ளன. வா, போ, நில், படு, பிடி, உட்கார் என்பன அவை. இவற்றோடு, அழைத்தற்குரிய ‘தோ தோ’, ஏவிவிடுதற்குரிய ‘சூ’ என்னும் ஒலிக்குறிப்புகளும் உண்டு. வாணன் என்னும் பெயர் ‘வா’ எனத் தொடங்கும். நிலா என்பது ‘நில்’ என்பதனோடு ஒலிக்கும். சூரன் என்பதன் முதலசையோ பாய்க என்னும் ஏவலாகிவிடும். வாயிலில் வந்த விருந்தினர் முன்னிலையில் ‘சூரா’ என்றழைத்து, நாய் அவர்மேற் பாயின் குற்றம் நாயினுடையதன்று, பெயரிட்டோருடையதே.

5. பிறமொழிப் பெயர்கள் பரவியமை

டாமி, ஜிம்மி, டைகர், சீசர், ஜூலி, ராஜா முதலிய பெயர்கள் தமிழகம் எங்கணும் நாய்க்குப் பரவியமை யாவரும் அறிந்தது. இதனை ஆங்கிலப் பற்றென்று மட்டும் கூறி அமைதல் ஆராய்ச்சிக்குப் போதாது. ஒலியியற் காரணமும் ஒன்று உண்டு. டகரமும் ரகரமும் தமிழ்ச்சொற்கு முதலாகா என்பது இலக்கண வரம்பு. ஜகரம் தமிழெழுத்தே அன்று. ஆதலின், இவ்வொலிகளை முதலாகக் கொண்ட பெயர், வீட்டில் நாள்தோறும் பேசப்படும் தமிழ்ச்சொற்களோடு மயங்காமல் தனித்து ஒலிக்கும். ஈரசையால் அமைதலும், டாமி, ஜிம்மி, ஜூலி என்பன இகரத்தில் முடிந்து எளிதின் நீளுதலும் இவற்றின் பிற இயல்புகள். பொருளும் தமிழர் செவிக்குப் புலனாவதில்லை. எனவே, இவை தூய இடுகுறியாய் நின்றன. அண்டை வீட்டாருள் எவர்க்கும் அப்பெயர் இராமையின், ஒரு காலத்தில் இவை சிறப்புப்பெயர்க்குரிய தகுதி பலவும் பெற்றிருந்தன.

இன்று அத்தகுதி இல்லை. எல்லோரும் இட்டமையால் இவை பொதுப்பெயராய்த் தேய்ந்தன. தெருவில் ஒருவர் ‘டாமி’ என்றழைப்பின் நாய்கள் பல திரும்பிப் பார்க்கும். இவற்றுள் சில மக்கட்பெயர்களே என்பதும் மறக்கப்பட்டது. டாமி தாமசு என்பதன் செல்லக் குறுக்கம். ஜிம்மி ஜேம்சு என்பதன் குறுக்கம். இருபெயரும் தமிழ்க் கிறித்தவர் குடும்பங்களிற் பயில்வன. பொருள் அறியாமையால் இடுகுறி எனக் கொண்டது, அறிந்தார்க்கு மக்கட்பெயராகவே தோன்றும்.

6. மாந்தர் பெயரை இடுதல் தகுமா?

விரவுப்பெயர் இலக்கணம் உடன்படினும், மாந்தர் பெயரை நாய்க்கு இடுங்கால் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. சாத்தன் என்னும் பெயர் எருதுக்கு வந்தபோது எருது உழவனின் குடும்பத்துள் ஒன்றாக உயர்ந்தது. நாயைப் பொறுத்தவரை நம் சமுதாய மனநிலை அவ்வாறு நேரியதன்று. யானையனையார் நட்பை விடுத்து, எறிந்த வேல் உடலில் தைத்து நிற்கவும் வால் குழைக்கும் நாயனையார் நட்பைக் கொள்க என அறிவுறுத்துகின்றது நாலடியார். மாணிக்கவாசகரோ தம் தாழ்மையைப் புலப்படுத்த நாயையே உவமையாகக் கொள்கின்றார். நன்றிக்கும் இழிவுக்கும் நாயே எடுத்துக்காட்டாய் நிற்கும் மொழி நம்முடையது.

இந்நிலையில், பகைவனின் பெயரையோ தாழ்வாகக் கருதும் ஒருவரின் பெயரையோ நாய்க்கு இட்டுத் தெருவில் உரக்க அழைத்தல் உவப்பால் வந்த வழுவமைதி ஆகாது; இழிப்பால் வந்ததே ஆகும். முன்னையது விலங்கை உயர்த்துகின்றது. பின்னையது மாந்தனைத் தாழ்த்துகின்றது. தெரிந்தே செய்தல் ஒருபுறமிருக்க, தெரியாது செய்தலும் உண்டு. கரிய நாய்க்குக் கருப்பன் எனப் பெயரிடுவோர் நிறத்தையே கருதுகின்றனர். ஆயினும், கருப்பன் என்பது ஊர்காக்கும் தெய்வத்தின் பெயர். அத்தெய்வத்தின்பால் கொண்ட பற்றினால் உழைக்கும் மக்கள் தம் மைந்தர்க்கு வழிவழியாக இட்டுவரும் பெயர். வயலில் வேலைசெய்யும் கருப்பன் என்பார், நிலக்கிழாரின் மனையில் நாயை அப்பெயரால் அதட்டுதலைக் கேட்பின் யாது நினைப்பார்? அவர் வாய்திறந்து கூறாவிடினும் உள்ளம் புண்படும் என்பது உறுதி. நாய் அப்பெயரால் அடையும் பயன் ஒன்றுமில்லை; மாந்தர் அடையும் வருத்தமோ பெரிது. பெயர்க்குரியவர் கேட்ப அப்பெயரால் நாயை அழைத்தற்கு நாணுவோமாயின், அப்பெயர் நாய்க்கு ஆகாது என விலக்குதலே நெறி.

7. தேர்ந்துகொள்ளும் முறை

இதுகாறும் கூறியவற்றால் நாய்க்குரிய சிறப்புப்பெயர்க்கு ஐந்து தகுதிகள் பெறப்படும். அவை:

(அ) இரண்டு அல்லது மூன்று அசையால் அமைதல்.
(ஆ) சேய்மைவிளியில் நீளத்தக்க ஈறு உடைத்தாதல்.
(இ) வீட்டில் வழங்கும் ஏவற்சொற்களோடும் ஒலிக்குறிப்புகளோடும் மயங்காமை.
(ஈ) அண்டையில் வாழும் மக்கட்கும் நாய்கட்கும் உரிய பெயராகாமை. எவரையும் இழித்தற்கு இடமாகாமை.
(உ) அந்நாய்க்கே உரிய ஓரியல்பினையோ, இடுவோர் விரும்பும் ஒரு பொருளையோ உணர்த்துதல்.

இத்தகுதிகளை வைத்துச் சில தமிழ்ச்சொற்களைச் சீர்தூக்கிப் பார்ப்போம். ஞாளி என்பது நெடில் முதலசையும் இகர ஈறும் உடையது. ‘ஞாளீஇ’ என எளிதில் நீளும். ஞகரத்தை முதலாகக் கொண்ட சொற்கள் இக்காலப் பேச்சில் அரியன. எனவே, டாமி என்பதற்கு ஒலித்தனிமை தந்த அதே இயல்பு, மொழிமரபு பிறழாமல் இதற்கும் கிடைக்கின்றது. மக்கட்பெயராக இது வழங்குவதில்லை. நாய் என்னும் பொதுப்பொருள் உடைய சொல் சிறப்புப்பெயர் ஆகுமோ எனின், ஆகும். 1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் இரண்டாம் சுபுட்னிக்கில் விண்ணுக்குச் சென்ற நாயின் பெயராகிய லைகா என்பது உருசிய மொழியில் ஒரு நாய்வகையின் பொதுப்பெயரே. உலகோர் அறிந்த சிறப்புப்பெயராக அஃது இன்று நிலைத்துவிட்டது.

சுணங்கன் என்பதும் ஏற்புடைத்து. சுணங்கு என்பது மேனியில் தோன்றும் தேமலைக் குறித்தலின், புள்ளியுடைய நாய்க்கு அது காரணமும் பொருந்திய பெயராகும்; ‘சுணங்கா’ என விளியும் இனிது ஏற்கும். தும்பி என்பது வண்டையும் யானையையும் உணர்த்தும் சொல். ஓயாது சுற்றித் திரியும் குட்டிக்கு வண்டென்னும் பொருளும், வளர்ந்து பருத்தபின் யானையென்னும் பொருளும் பொருந்துதல் இதன் சிறப்பு. துடி என்னும் பறையின் பெயர் குறுகியதும் எறிந்தொலிப்பதும் ஆகும். ஆயினும், ‘பிடி’ என்னும் ஏவலோடு எதுகையால் மயங்குதலின் காவல்நாய்க்கு ஆகாது. குருளை என்பது தொல்காப்பியர் வகுத்த இளமைப்பெயராகலின் குட்டிக்கு மிக அழகியது. வளர்ந்த நாய்க்கு அது பொருந்துமோ எனத் தயங்க வேண்டுவதில்லை. நரை தோன்றிய பின்னரும் ‘குட்டி’ என்றே அழைக்கப்படும் பெரியோர் நம் குடும்பங்கள் பலவற்றில் உளர்.

இவற்றையே கொள்ளுதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஞாளி என்பதனை ஊரார் அனைவரும் இடுவராயின், டாமி எய்திய நிலையையே அதுவும் எய்தும். சிறப்புப்பெயரின் சிறப்பு சொல்லின்கண் மட்டும் இல்லை. அது வழங்கும் இடத்தையும் சூழலையும் சார்ந்தது. ஆதலின், பெயரிடுவோர் நிகண்டை நோக்குதலோடு தெருவையும் நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

நாய்க்குச் சிறப்புப்பெயர் இட்டு, அதனைக் கல்லிலும் பொறித்த மரபு தமிழர்க்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன்னரே உண்டு. விலங்கின் பெயர் கொள்ளும் முடிபினையும் விளியினையும் நம் இலக்கணம் ஆராய்ந்து விதித்துள்ளது. பிறமொழிப் பெயர்கள் பரவியமைக்கு ஒலித்தனிமை ஒரு காரணம். அத்தனிமையைத் தமிழ்ச்சொற்களாலும் எய்தலாம். மாந்தரைப் புண்படுத்தும் பெயர் எத்துணை ஓசைநயம் உடையதாயினும் விலக்கத்தக்கது. ஊர்தோறும் நாய்க்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, இடுவோர் கூறும் காரணத்தையும் அழைக்கும் விளிவடிவத்தையும் பதிவுசெய்யின், விரவுப்பெயர் பற்றிய இலக்கணப் பகுதிக்கு வாழும் வழக்கினின்றும் புதிய எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்ளுதல் பயனுடைத்து. எடுத்தனூரில் எருமை காத்த வீரனின் பெயரோடு அவன் நாயின் பெயரையும் பொறித்தோர் பெயரின் மதிப்பினை நன்குணர்ந்திருந்தனர் என்பது ஒருதலை.